ஏழு டார்ச், இரண்டு கட்டை

ஐரீனிடம் ஏழு டார்ச் லைட்டுகள் இருந்தன. பேட்டரிக் கட்டை மட்டும் இரண்டே இரண்டுதான்.

ஏழுக்கும் கட்டை வாங்கிப் போட அவள் என்ன கப்பல் முதலாளியின் மகளா? அவளுடைய நைனா அம்புரோஸ், துறைமுகத்தில் மூட்டை அடுக்குகிறவர். அதனால் அந்த இரண்டு கட்டைகளும் ஒரு டார்ச்சைக் காலி செய்துவிட்டு இன்னொன்றுக்குக் குடிபோவதும், அங்கிருந்து அடுத்ததற்குப் போவதுமாகவே காலம் தள்ளின.

ஏழும் ராயபுரத்துக் காயலாங்கடையில் கிடைத்தவை. கப்பலில் உடைந்தது, ரயிலடியில் நசுங்கியது, பட்டாளத்துக்காரர் வேண்டாமென்று வீசியது, எல்லாம் பழைய இரும்போடு இரும்பாக அங்கேதான் வந்து சேரும். தெற்கேயிருந்து வந்து கடை போட்ட கடைக்காரரின் மகள் ஞானசெல்வி ஐரீனின் வகுப்புத் தோழி. டார்ச் எது வந்தாலும் தராசுக்குப் போகுமுன் எடுத்து ஒளித்து வைப்பாள். பதிலுக்கு ஐரீன் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள்.

ஒரு டார்ச் நிக்கல் பூசியது. முகம் பார்க்கலாம், ஆனால் தலையில் ஒரு தட்டு தட்டினால்தான் எரியும். இன்னொன்றுக்கு ரப்பர் உறை. கப்பல் எஞ்சின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு பித்தளை டார்ச்சின் தலை சப்பையாக இருந்தது. ஏழாவது எரியவே எரியாது. அதற்காக ஐரீன் அதைத் தூக்கிப் போடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தினமும் ஒரு தடவை திறந்து பார்ப்பாள்.

சும்மா சேர்த்து அடுக்கி வைப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். காயலாங்கடையின் கொல்லையில் ஒரு பழைய கப்பல் பாய்லர் படுத்துக் கிடந்தது. உள்ளே குனிந்து நடக்கலாம். பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அதன் கோடியில் பழைய காலண்டர் தாள் ஒன்றை ஐரீன் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு டார்ச்சாக அடித்து, எத்தனை அடி தள்ளி நின்றால் எழுத்து தெரிகிறது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"எல்லாத்துக்கும் அதே ரெண்டு கட்டதான்" என்பாள். "ஒண்ணுக்குப் புதுசு, இன்னொண்ணுக்குப் பழசு போட்டா, அது போட்டியா? ஏமாத்து வேலை."

அவளுடைய அம்மா வியாகுலம்மாளுக்கு இதெல்லாம் துளியும் பிடிக்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு டார்ச் லைட்டு இன்னாத்துக்குடி?"

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இருட்டு வருதா?" என்று ஐரீன் கேட்டாள். அம்மா அவளைப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை ஐரீன் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, நைனா வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கவே மாட்டார். முழங்காலில் துணிக்கட்டு வேறு. ஐரீனின் கண் கட்டுக்குக்கூடப் போகவில்லை. அவருடைய சட்டைப் பைக்குப் போனது.

"நைனா, வில்லை எங்க?"

அம்புரோஸ் வேலை செய்த கான்ட்ராக்டர், ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார். அதில் எண் இருக்கும். சட்டையில் வில்லை இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் வேலை இல்லை, கூலி இல்லை, அடுப்பும் எரியாது.

"ஸ்டோர்காரரு சுப்புராஜ் புடுங்கிகினாரு" என்றார் நைனா. "கப்பலு கெடங்குல ஒரே இருட்டு. பலகை எங்க கீதுன்னே தெர்ல. கால வெச்சேன், வுழுந்தேன். நாலு சக்கரை மூட்டை வுழுந்து கிழிஞ்சி பூட்ச்சி."

"டார்ச் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. இந்த மாசம் வந்த புது டார்ச்சு. இருந்து இன்னா? மஞ்சத் தண்ணி மாரி ஒரு வெளிச்சம். நேத்துதான் புதுக்கட்ட போட்டாராம். அதனால டார்ச்சு நல்லா கீதாம், எனக்குத்தான் கவனம் இல்லியாம். நாப்பது பேரு முன்னாடி சொல்லிட்டாரு. நாளைக்கி மத்தியானம் முதலாளி வந்து முடிவு சொல்வாரு."

புதுக் கட்டை போட்டு மஞ்சள் தண்ணீரா? ஐரீனால் நம்ப முடியவில்லை. புதுக் கட்டை போட்டால் அவளுடைய சப்பைத் தலைப் பித்தளைகூடப் பாய்லரில் பன்னிரண்டு அடிக்கு எழுத்தைக் காட்டும்.

"தலையத் தொறந்து பாத்தீங்களா நைனா?"

"தொறக்கிறதா? தலையும் ஒடம்பும் சேர்ற எடத்துல செவப்புப் பெயிண்ட் வெச்சிகீறாரு. போன வருசம் எவனோ பல்பைத் திருடிகினு பூட்டானாம். பெயிண்ட் ஒடைஞ்சா வில்லை போச்சு. எவனுக்கு அந்தத் துணிச்சலு கீது?"

ஐரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரியாத டார்ச்சைக் கொடுத்துவிட்டு, அதைத் திறக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டு, விழுந்தவர் மேலேயே பழியையும் போடுவதா? இது எந்த ஊர் நியாயம்?

"நாளைக்கி நானும் வரேன்" என்றாள்.

"நீ வந்து இன்னா செய்யப் போற?" என்று நைனா கேட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

ஐரீன் நேரே காயலாங்கடைக்கு ஓடினாள். அவளுடைய டார்ச்சுகள் எல்லாம் பாய்லருக்குள் ஒரு பெட்டியில் இருந்தன. பெட்டியைத் திறந்து பித்தளை டார்ச்சை எடுத்தாள்.

"ஏட்டி, நல்லதால்லா கொண்டு போவணும்?" என்றாள் ஞானசெல்வி. "ஒன் நோட்டுல இதுக்குத்தான கடைசி இடம்?"

"நல்லதைக் கொண்டு போய் ஜெயிச்சா, அது ஒசந்த சரக்கு, அதான் ஜெயிச்சிதுன்னு சொல்லிடுவாங்க" என்றாள் ஐரீன். "இதுகிட்டயே ஸ்டோர் டார்ச்சு தோத்தா இன்னா சொல்வாங்கன்னு பாக்கறேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஐரீன் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பினாள். வாசலில் காத்திருந்த நைனா நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தார். துறைமுக வாசலுக்கு வெளியே, நீளமான ஓட்டுக் கொட்டகைதான் ஸ்டோர். வாசலில் நாற்பது பேரும் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு இடுப்பில் ஒரு டார்ச். ஒவ்வொன்றின் கழுத்திலும் குங்குமம் அப்பியதுபோல் சிவப்புப் பெயிண்ட்.

உள்ளே கான்ட்ராக்டர் ராசையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து தொழில் செய்கிறவர். பக்கத்தில் சுப்புராஜ் சாவிக்கொத்தோடு நின்றார்.

"யாரு வே இந்தப் புள்ள?" என்று ராசையா கேட்டார்.

"அம்புரோஸ் பொண்ணு, முதலாளி. தோ பாரும்மா, இது பசங்க ஆட்ற எடம் இல்ல. வூட்டுக்குப் போ."

"நைனா விஷயம் முடிஞ்சதும் போறேன்" என்றாள் ஐரீன்.

சுப்புராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். டார்ச் புதுசு. கட்டை புதுசு. சர்க்கரை நாலு மூட்டை நாசம். வேறு என்ன வேண்டும்?

"கட்ட புதுசுன்னுதான் நானும் சொல்றேன்" என்றாள் ஐரீன். "நைனா வெச்சிருந்த டார்ச்சை ஒரு நிமிசம் குடுங்க."

ராசையாவுக்கு வேடிக்கையாக இருந்தது போலும். கொடுக்கச் சொன்னார். கொட்டகையின் கோடி இருட்டாகக் கிடந்தது. அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளின்மேல் ஐரீன் டார்ச்சை அடித்தாள்.

"அந்த நடு மூட்டைல இன்னா நம்பரு எழுதிகீது, சொல்லுங்க."

ராசையா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

ஐரீன் டார்ச்சின் அடி மூடியைக் கழற்றினாள். அங்கே பெயிண்ட் கிடையாது. உள்ளே இருந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து, எல்லாரும் பார்க்கத் தன் பித்தளை டார்ச்சுக்குள் போட்டாள். அதே மூட்டைமேல் அடித்தாள்.

"நாலு, ஏழு, ஒண்ணு" என்று ராசையா உடனே படித்தார்.

வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமலே எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டார்கள்.

"அதே கட்ட" என்றாள் ஐரீன். "இது குப்பைலேருந்து எடுத்தது. என்கிட்ட கீற ஏழுல இதுதான் மட்டம். எரியாதது ஒண்ணு கீது, அத்தச் சேக்கல."

யாரோ சிரித்தார்கள். சுப்புராஜின் காது சிவந்தது.

"முதலாளி, நம்மளுது பால் கண்ணாடி. கண்ணு கூசாம இருக்கணும்னு சீமையிலயே அப்படிப் பண்ணி அனுப்பறான். இந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

"தொறந்து பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றாள் ஐரீன்.

"தொறக்கக் கூடாது. சட்டம் போட்டதே முதலாளிதான்."

ராசையா தாடையைச் சொறிந்தார். அவர் போட்ட சட்டத்தை அவரே உடைப்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை. "ஆளுக்காவ மாத்துனா அப்புறம் சட்டம் என்னத்துக்கு? அம்புரோஸு, ஒனக்கு அம்புட்டு நம்பிக்க இருந்தா நீயே தொற. உள்ள ஒண்ணும் இல்லேன்னா வில்லைய மறந்திர வேண்டியதுதான்."

அம்புரோஸ் கையை நீட்டினார். கை பாதியிலேயே நின்றது. எத்தனை பெரிய மூட்டையைத் தூக்கும்போதும் அந்தக் கை இப்படித் தயங்கி ஐரீன் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"பெயிண்ட் ஒடைஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்று சுப்புராஜிடம் கேட்டாள்.

"வில்லையைப் புடுங்குவேன்."

"எனக்குத்தான் வில்லையே கெடையாதே. என்கிட்டேருந்து எத்தப் புடுங்குவீங்க?"

சொல்லிக்கொண்டே டார்ச்சின் தலையைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. பெயிண்ட் நன்றாக இறுகியிருந்தது. பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து மறுபடி திருகினாள். கரகரவென்று சத்தம் வந்தது. சிவப்புச் செதில்கள் தரையில் உதிர்ந்தன.

தலை கழன்று வந்தது. கண்ணாடி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அது பால் கண்ணாடியே இல்லை. சாதாரணக் கண்ணாடி. அதன் பின்னால் வட்டமாக வெட்டிய மெல்லிய காகிதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பழுத்துப் பழுப்பாகிப் போயிருந்தன.

ராசையா ஒரு காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இருட்டடிப்புக் காகிதம்லா வே" என்றார்.

யுத்த காலத்தில், எதிரியின் விமானம் குண்டு போடப் போகிறது என்ற பயத்தில், சாயங்காலமானால் மெட்ராஸில் வெளிச்சமே தெரியக் கூடாது. அதற்காக டார்ச்சுக்குள் இப்படிக் காகிதம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சரக்கைத்தான் சுப்புராஜ் மலிவாக மொத்தமாக வாங்கி வந்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பெயிண்டை அப்பிவிட்டார். யுத்தம் முடிந்த சேதி ஊருக்கெல்லாம் தெரியும். அந்த மூன்று காகிதங்களுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஐரீன் காகிதம் இல்லாமல் டார்ச்சைப் பூட்டிக் கட்டையைப் போட்டு அடித்தாள். வெளிச்சம் கோடிச் சுவரில் போய் முட்டியது. ஓட்டுச் சந்தில் தூங்கிக்கொண்டிருந்த புறா ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது.

ராசையா மேசை இழுப்பறையைத் திறந்து பித்தளை வில்லையை எடுத்தார். "இந்தா அம்புரோஸு. மத்தியானமே வேலைக்குப் போ."

அம்புரோஸ் கையை நீட்டப் போனார்.

"வாங்காதீங்க நைனா" என்றாள் ஐரீன்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேலே பேசினாள்.

"நேத்து நாப்பது பேரு முன்னாடி நைனா மேல தப்புன்னு சொல்லித்தானே புடுங்குனாங்க. தப்பு இல்லன்னும் நாப்பது பேரு முன்னாடிதான் சொல்லணும்."

"ஐரீன், கம்முனு இரு" என்றார் நைனா. அவர் குரலில் கோபமே இல்லை. நீட்டப் போன கையையும் அவர் மடக்கிக்கொண்டார்.

ராசையா அவளை ஒரு தரம் பார்த்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தாள். கடைசியில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அம்புரோஸ் மேல தப்பு இல்ல. தப்பெல்லாம் டார்ச் மேலதான்."

"டார்ச் மேலயும் தப்பு இல்ல" என்றாள் ஐரீன். வாயில்லாத டார்ச்சுகளின் மேல் பழி போடுவதை அவளால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? "பெயிண்ட் மேலதான் தப்பு."

சுப்புராஜ் சாவிக்கொத்தைக் குனிந்து எண்ணத் தொடங்கினார்.

அம்புரோஸ் வில்லையை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். அப்போது கூட்டத்தில் ஒருவர் இடுப்பிலிருந்து டார்ச்சை உருவி, அதன் தலையைப் பிடித்துத் திருகினார். பக்கத்திலிருந்தவரும் உருவினார். கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசல் முழுவதும் கரகர கரகர என்று ஒரே சத்தம். சிவப்புச் செதில்கள் எல்லார் காலடியிலும் உதிர்ந்தன. திருகத் திருக வராத ஒரு பெரியவர் தன் டார்ச்சை ஐரீனிடம் நீட்டினார். அவள் பாவாடை நுனியைச் சுற்றிக்கொண்டு திருகிக் கொடுத்தாள்.

திறக்கலாமா என்று ஒருவரும் சுப்புராஜைக் கேட்கவில்லை.