மார்னியின் குரல் காணவில்லை

காலை பத்தே கால். மார்னியின் குரல் காணாமல் போயிருந்தது.

குரல் என்றால் நிஜமாகவே குரல்தான். ஒன்பது வயது மார்னிக்கு வாய் பேச வராது, கை கால் சொன்னபடி கேட்காது. அவளுடைய சக்கர நாற்காலியின் முன்னால் திரையுள்ள ஒரு கருவி மாட்டியிருக்கும். திரையில் ஒரு வார்த்தையை அவள் உற்றுப் பார்த்தால், கருவி அதைச் சிறுமிக் குரலில் சொல்லும். இப்போது அங்கே வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"இவள இங்க விட்டுட்டு காரை நிறுத்தப் போனேன். அதுக்குள்ள எவனோ கழட்டிட்டான்!" தாய் டானா கத்தினாள். "அதுவும் இன்னிக்குன்னு பாத்து!"

இன்றைக்கு என்று பார்த்துத்தான். ஆல்டர்விக் நகரமன்றத்தின் பிள்ளைகள் நலக் கண்காணிப்புக் குழு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான இந்தச் சிகிச்சை மையத்துக்கே வந்து கூடியிருந்தது. வருகிறோம் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு வரும் சோதனை அது. சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாடை அடித்தது. எல்லாப் பிள்ளைக்கும் வாராவாரம் பேச்சுப் பயிற்சி நடக்கிறது என்கிறார் இயக்குநர் கீபிள். இல்லை என்று சொல்லத்தான் மார்னி வந்திருந்தாள். யார் சொல்வதை ஏற்பது என்று மதியம் வாக்கெடுப்பு. அவள் பேசாவிட்டால் கீபிளின் பேச்சே நிலைத்துவிடும். இன்னொரு வருடத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"கதவைச் சாத்துங்க" என்றார் குழுத் தலைவி ஹிலரி கேதர்கோல்.

ஹிலரி முப்பது வருடம் ஓட்டுநர் தேர்வு நடத்தியவர். ஓட்டுகிற ஆள் கண்ணாடியைப் பார்த்தானா, பார்க்கிற மாதிரி நடித்தானா என்று பக்கத்திலிருந்தே கண்டுபிடித்து, பாதி ஊரைத் தோற்கடித்தவர். அதே ஊர் அவருக்கு ஓட்டும் போட்டது என்பதுதான் வேடிக்கை.

தேடினார்கள். அலமாரி, மேசையடி, தொங்கிய கோட்டுகள், எங்கும் இல்லை. வெளியே மூடுபனி ஜன்னலில் வந்து அப்பியிருந்தது. ஒரு காலத்தில் அனாதைப் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்த கட்டடம் அது. உயரமான கூரை, பேசினால் எதிரொலிக்கும்.

"இந்தக் குளிருக்கு ஒரு டீயாவது உண்டா?" கிழட்டு உறுப்பினர் பெர்சி முனகினார்.

"மன்னிச்சுக்கங்க சார், பாய்லர் காலையிலேருந்தே வேலை செய்யல. பிஸ்கட் எடுத்துக்கங்க." பிரயனி தட்டை நீட்டினாள். மையத்தின் பேச்சுப் பயிற்சியாளர் அவள். மேசையில் கோப்பைகள் வரிசையாகக் காலியாக இருந்தன. நடுவே பெரிய எவர்சில்வர் பாய்லர் சும்மா நின்றது.

அப்போதுதான் அது கேட்டது.

"பசிக்குது."

ஒரு சிறுமியின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பெர்சியின் பிஸ்கட் கீழே விழுந்தது. "கடவுளே! அந்தக் காலத்துப் பிள்ளைங்க... பட்டினி போட்டே கொன்னாங்களாம் இங்க."

"பசிக்குது. பசிக்குது."

ஹிலரிக்கே மயிர் கூச்செறிந்தது. எல்லோரும் கூரையை, சுவரை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மார்னியின் வாய் மூடியே இருந்தது.

"ஐயோ, அது என் பொண்ணு குரல்!" டானா அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள். "சார்ஜ் இறங்கினா அப்படிச் சொல்லும். இவளே வச்ச குறும்பு அது. இங்கதான் எங்கயோ இருக்கு! அணைஞ்சிட்டா அப்புறம் சத்தமும் வராது!"

மறுபடி அமளி. ஹிலரி மட்டும் அசையவில்லை. பேய்க்குரல் கேட்ட நொடியில் யார் எங்கே பார்த்தார்கள் என்று மனதில் ஓட்டிப் பார்த்தார்.

"மிஸ்டர் கீபிள், நாங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"என் அறையில. தனியாத்தான். அதனால நான் திருடனா?"

"பிரயனி, நீ?"

"சமையலறையில, கோப்பை கழுவிட்டு."

"உள்ள வரும்போது இந்த ஜன்னலுக்குக் கீழ பூப்பாத்தியப் பாத்தேன். சுத்தி எல்லாம் உறைஞ்சு கிடக்கு, அங்க மட்டும் மண்ணுலேருந்து ஆவி பறக்குது. பாய்லர் காலையிலேருந்து வேலை செய்யலன்னியே, அப்ப அவ்வளவு வெந்நீர எதுலேருந்தும்மா கொட்டின?"

பிரயனி பிஸ்கட் தட்டை மேசையில் வைத்தாள்.

"சத்தம் கேட்டப்ப எல்லாரும் தேடிப் பாத்தாங்க. நீ மட்டும் தரையப் பாத்த. ரெண்டு பேருக்குத்தான் தேட வேண்டிய அவசியமே இல்ல. ஒண்ணு நீ." ஹிலரி திரும்பினார். "இன்னொண்ணு மார்னி. நாம வந்ததுலேருந்து அவ கண்ணு ஒரே இடத்துலதான் இருக்கு. கண்ணால பேசுற பிள்ளைன்னு தெரிஞ்சும், கருவி போனதும் அவ கண்ண ஒருத்தரும் பாக்கல. நானும்தான். வெக்கமா இருக்கு."

எல்லோரும் அந்தப் பார்வையைத் தொடர்ந்தார்கள். அது பாய்லரில் போய் முடிந்தது.

பெர்சி மூடியைத் தூக்கினார். உள்ளே துண்டில் சுற்றி, மங்கிய வெளிச்சத்தோடு கருவி கிடந்தது.

"அவ கண்ணு முன்னாடியேவா வச்ச?" டானா பிரயனியின் பக்கம் திரும்பினாள். "சொல்ல முடியாதுன்னு தைரியமா?"

பிரயனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இவள நான் பாத்து ஒரு வருஷம் ஆகுது. வாராவாரம் பாத்தேன்னு கையெழுத்து போட்டிருக்கேன். அது தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"அவமானம்!" என்றார் கீபிள் சட்டென்று. "இவ மேல நடவடிக்கை எடுக்கறேன். விஷயம் முடிஞ்சது, வாக்கெடுப்புக்குப் போகலாமா?"

"முடியல" என்றார் ஹிலரி. "சாட்சி இன்னும் பேசல."

டானா கருவியை மாட்டி, மின்வயரைச் செருகினாள். மார்னி பேச நேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அறையே காத்திருந்தது.

"பிரயனி. அழுதுகிட்டே. வச்சாங்க."

பிறகு,

"அவங்க ஒருத்தர்தான். நாங்க நிறைய பேர்."

ஹிலரி மெதுவாகக் கீபிளைப் பார்த்தார். "பயிற்சியாளர்கள்னு எங்ககிட்ட எப்பவும் பன்மையிலேயே பேசினீங்களே, மிஸ்டர் கீபிள். மத்தவங்க எங்க?"

கீபிள் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

மார்னியின் கண்கள் திரையில் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன.

"பதில் சொல்லுங்க" என்றது அந்தச் சிறுமிக் குரல்.