வார்ப்புக் குரல்

தேநீர்க் கோப்பையோடு பொன்மாரி பேச்சறைக்குள் நுழைந்ததுமே கணவன் இசக்கிமுத்துவின் குரல் வந்துவிட்டது. அவன் செவ்வாய்க் கிரகத்தில் சுரங்க வேலை பார்க்கிறான். அவளுக்குக் குலசேகரன்பட்டினம் கரையில் உள்ள தொடர்பு நிலையத்தில் பொறியாளர் வேலை. நடுவிலுள்ள தூரத்தை நினைத்தால் தலை சுற்றும். ஆனாலும் பேச்சு என்னவோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் உடனுக்குடன் வரும்.

“என்னட்டி, சாப்ட்டியா? அத்த எப்படி இருக்காவ?”

தினமும் இதே கேள்விதான். தினமும் “நல்லா இருக்காங்க” என்பாள். இன்று அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவின் காரியங்கள் முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். அவனிடம் சொல்லி வாய்விட்டு அழ வேண்டும் என்பதற்காகவே இத்தனை நாளும் அழாமல் இருந்தாள்.

“ஏங்க, அம்மா போயிட்டாங்க.”

“அப்படியா? சரி சரி, நான் கேட்டேன்னு சொல்லு. இங்க தூசி இன்னும் அடங்கல.”

பொன்மாரி திடுக்கிட்டாள். அழுகை வரவில்லை. அவளுக்குள் இருந்த பொறியாளர்தான் முதலில் விழித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கு ஒரு சொல் போய் மறுசொல் வர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அப்படிக் காத்துக் காத்து யாரால் குடும்பம் நடத்த முடியும்? அதனால் பழைய இணையக்காரர்களின் உத்தியைக் கடன் வாங்கினார்கள். அவர்கள் ஒரு இணையப் பக்கத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது வார்ப்பை, ஒரே ஒருமுறை கம்பைல் செய்து தயாராக்கி, கேஷ் என்ற தேக்ககத்தில் போட்டுவைப்பார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்து நீட்டுவார்கள். இங்கே பக்கத்துக்குப் பதில் மனிதர்கள். ஒருவரின் பேச்சை வார்ப்பாக்கித் தேக்ககத்தில் வைத்துவிட்டால், வானிலையையும் ஊர்ச் செய்தியையும் மட்டும் அன்றன்றைக்கு நிரப்பிக்கொண்டு அது பேசும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அழைப்புக்கு முன்பும் நிலையம் வார்ப்பை அதன் மூலமான ஆளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அவர் நிலைமை மாறியிருந்தால் வார்ப்பையும் புதிதாக வார்க்கும். அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் பேசினார்கள்.

ஆனால் சரிபார்ப்புக்கும் அதே அரை மணி ஆனது. ஒரு தீபாவளிக்குப் பேசக் காத்திருந்த கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பண்டிகை முடியும்வரைதானே என்று பொன்மாரி சரிபார்ப்பை அணைத்தாள். கூட்டம் நொடியில் கரைந்தது. மேலதிகாரி கை கொடுத்தார். பண்டிகை போனது, புகாரும் இல்லை, அவளும் மறந்தே போனாள்.

“பெனடிட்டா,” என்று உடன் வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டாள். “அந்தச் சரிபார்ப்ப நாம திருப்பிப் போட்டோமா?”

“எதக்கா? தீவாளிக்கு அணைச்சதா?” பெனடிட்டாவின் முகம் வெளுத்தது. “அய்யோ, அது ஆச்சே வருசக்கணக்கா!”

“அப்ப நான் இவ்ளோ நாளும் யார்கிட்டட்டி பேசிட்டிருந்தேன்?”

“நீங்க மட்டுமாக்கா? அவரும் அங்க உங்க வார்ப்புகிட்டதான பேசிட்டிருப்பாரு.”

அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. இசக்கிமுத்துவின் வார்ப்பை அழித்தாள். நேர்த்தடத்தைத் திறந்து, அம்மா இறந்ததைத் தேம்பித் தேம்பிச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஒரே ஒருமுறை அவன் “ஐயோ” என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பதில் வந்தது. குரல் கரகரத்திருந்தது, வயதும் ஏறியிருந்தது.

“யாரும்மா பேசுறது? லைன் மாறி வந்திருக்கு. எங்க அத்த நல்லா இருக்காவன்னு இப்பதான் எம் பொண்டாட்டி சொல்லிட்டுப் போனா. யார் வீட்டுத் துக்கமோ, பாவம். நிலையத்துல சொல்லி எனக்குப் பழைய லைனையே குடுக்கச் சொல்லும்மா.”

வயதும் அழுகையும் ஏறிய தன் குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்பதைப் பொன்மாரியால் தாங்க முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. செவ்வாய் நிலையத்தில் இருக்கும் தன் வார்ப்பையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். அனுப்பினால் உண்மை அவனுக்கு விளங்கிவிடும். அனுப்புமுன் அந்த வார்ப்பை ஒருமுறை கேட்க ஆசைப்பட்டு, இங்கிருந்த பிரதியை இயக்கினாள்.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

“அம்மாவுக்கென்ன, அடுப்படியில நின்னு என்னத் திட்டிட்டிருக்கு!” என்றாள் பழைய பொன்மாரி சிரித்துக்கொண்டே. இப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று.

அந்தச் சிரிப்பைப் பிடுங்கிவிட்டு அவன் கையில் எதைக் கொடுப்பது? ஒப்பந்தம் முடியும்வரை அவனால் ஊர் திரும்பவும் முடியாது. அவள் கட்டளையை நீக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகக் குரலில் பேசினாள்.

“தவறு எங்க பக்கந்தான் சார். உங்க பழைய லைன் அப்படியே இருக்கு.”

மறுபடியும் காத்திருந்தாள். பெனடிட்டா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அறை காலியான பிறகுதான் பதில் வந்தது.

“ரொம்ப நன்றிம்மா. அவ கொரலக் கேக்கலன்னா எனக்கு இங்க பொழுதே போவாது.”