வெயில் வராத அறை

ஜன்னலில்லாத உள்ளறையின் மூலையில், கட்டிலுக்கு அப்பால் கவிழ்த்து வைத்திருந்த நீல வாளியை மாதவி தூக்கியபோது, அதன் பிடியும் விளிம்பும் அப்பளம்போல் அவள் கையிலேயே நொறுங்கி வெண்தூளாய்க் கொட்டின.

கட்டிலில் கிடந்த அவள் கணவன் தங்கராஜு தலையைத் திருப்பினான். சுங்கை காடுட்டில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். லோரியிலிருந்து விழுந்தபின் மார்புக்குக் கீழே உணர்ச்சியில்லை.

“வெயில்ல கெடந்தா அப்படித்தான்லா. பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள சங்கிலி மாதிரி கோத்திருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு கண்ணியா அறுத்துடும்.”

“இங்க ஏதுங்க வெயில்?”

அவன் மூலையைப் பார்க்கத் தலையைத் தூக்கினான்; கட்டில் விளிம்பு மறைத்தது.

வெளியே செம்பனைத் தோட்டத்தின்மேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. தைல வாடையும் ஈரச்சுவரின் புழுங்கலும் நிறைந்த அந்த அறையில், கருகிய ரப்பரின் நாற்றம் மெல்ல ஏற, வாளி இருந்த இடத்தில் உள்ளங்கையளவு வெளிச்சம் ஒன்று கிடப்பதை அவள் கண்டாள். அண்ணாந்து பார்த்தாள். தகரக் கூரையில் ஓட்டை இல்லை. அதன்மேல் கையை நீட்டினாள்; கையின் நிழல் தரையில் விழவில்லை.

வெளிச்சம் நகர்ந்தது. அது கடந்த பாய், பூச்சி அரிப்பதுபோல் நறநறவென்று உதிர்ந்தது. அவனுடைய ரப்பர் செருப்பு இருந்தது. பிறகு இல்லை.

மாதவி வாசலுக்கு ஓடிக் கத்தினாள். வரிசை வீடுகளில் ஆளில்லை. எல்லாரும் எப்போதோ டவுனுக்குப் போய்விட்டார்கள். மழைதான் இறங்கியது.

திரும்பி வந்தபோது போர்வையின் கால்பக்கம் வெளுத்திருந்தது.

“மாதவி, அங்க என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லங்க. கழுத்தப் புடிச்சிக்குங்க.”

அக்குளில் கைகொடுத்துத் தரையில் இறக்கினாள். தினமும் அவனைப் புரட்டிப்போடவே மூச்சு வாங்கும் அவளுக்கு. இன்று நகர்ந்தான். இழுத்தாள். இன்னும் சுலபமாக நகர்ந்தான். காலைப் பார்க்கக் கூடாது. முகத்தை மட்டும் பார். இழு.

நிலைப்படி. முற்றம். மழை.

“பாத்தியா, நீயே தூக்கிட்ட,” என்று அவன் வியப்போடு சிரித்தான்.

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். மார்புக்குக் கீழே ஈரச் சட்டை தரையோடு தட்டையாய் ஒட்டிக் கிடந்தது. மழை அதனடியிலிருந்து எதையோ பால்போல் கரைத்துக் கால்வாய்க்குக் கொண்டுபோனது. அவன் இரு கைகளும் அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

“ஏன் நின்னுட்ட? இழு, மாதவி.”