தொட்டி போட்ட டீ

ஜெனிபர் வீட்டின் பின்புறம் ஒரு நீலத் தொட்டி இருந்தது. அதற்குச் சாப்பாடு போடுவது அவளுடைய வேலை.

மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், ஊசிப்போன சாம்பார், எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்துக் குழாயில் ஊற்றுவாள். உள்ளே அது மக்கி வாயுவாகும். தொட்டியின் மூடி மெல்ல மேலே எழும்பும். அந்த வாயு அடுப்புக்குப் போய் நீலமாக எரியும். மீந்த சோற்றில் டீ கொதிக்கிறதே! எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு ஆச்சரியம் தீராது.

எளாவூரில் அவள் பள்ளியில் இப்படி ஒரு தொட்டி உண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தவளே அவள்தான்.

மழைக்காலம் தொடங்கியதும் தொட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. மூடி எழும்பவில்லை. அடுப்பு 'புஸ்' என்று அணைந்தது. நாற்றம் மட்டும் தாராளமாக வந்தது.

இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எபினேசர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பெரிய பேஜாரா கீதும்மா! பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. ஞாயித்துக்கிழமை காயலாங்கடை கலியன் வருவாரு. பழைய சாமானோட தூக்கிக் குடுத்துடலாம்."

"ஐயோ, வேணாம்ப்பா! இன்னா ஆச்சுன்னு நான் கண்டுபுடிக்கிறேன்."

"கண்டுபுடி. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்."

ஜெனிபருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் மூடி எழும்பாதே! குழாயில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாள். எங்கும் குமிழ் வரவில்லை. அப்படியென்றால் ஓட்டை இல்லை. சாப்பாடும் வழக்கம்போலத்தான் போடுகிறாள். பிறகு என்ன கோளாறு?

சனிக்கிழமை காலை சமையலறையில் இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெனிபர் அதையே உற்றுப் பார்த்தாள். நம் தொட்டியும் இப்படித்தானே மூடியைத் தூக்கும்?

"அம்மா, மாவு எப்படிப் பொங்குது?"

அம்மா சாராள், தொட்டிக்கான மிச்சம் மீதியைச் சேர்த்துவைக்கும் எச்சில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் பொங்க வைக்குது. நல்ல கிருமி."

"அதுல கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டா?" ஜெனிபரின் கண் வாளியின் மேல் இருந்தது.

"அடிப்பாவி! இன்னாடி கேள்வி இது? எல்லாம் செத்துடும்!"

சொல்லிக்கொண்டே அம்மா கீழே பார்த்தார். வாளியில் வெள்ளை வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் நுரைத்தது. மழைக்குக் கொசு வருகிறதென்று வாங்கியது. தினமும் அதைப் போட்டுத்தான் வாளியைக் கழுவினார். கழுவிய தண்ணீரை வீணாக்குவானேன் என்று தொட்டியில்தான் ஊற்றினார்.

"அய்யய்யோ! நானேதான் கொன்னுட்டனா?"

"எல்லாம் செத்திருக்காதும்மா. மாவு புளிக்கலன்னா நீ இன்னா பண்ணுவ?"

"பழைய மாவு ஒரு கரண்டி கலப்பேன்."

ஜெனிபர் வாளியைப் பிடுங்கி நல்ல தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டு குணசுந்தரி அக்கா மாடு வளர்க்கிறார். தொட்டி வாங்கிய புதிதில் அவரிடம் வாங்கிய சாணியைக் கரைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். தொட்டிக்குச் சாணிதான் பழைய மாவு. அம்மாவும் மகளும் மறுபடியும் சாணி கரைத்து ஊற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கலியன் வண்டியோடு வந்தார். அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார்.

"கிறிஸ்மஸ் முடிஞ்சி வாப்பா. வைத்தியம் நடந்துகினு கீது."

"தொட்டிக்கா?" என்று கலியன் சிரித்துக்கொண்டே போனார்.

காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதுபோல ஜெனிபர் கொஞ்சம் கஞ்சி மட்டும் ஊற்றினாள். மூடி அசையவில்லை. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பாள், வாடிய முகத்தோடு திரும்புவாள். பிறகு ஒருநாள் காலை மூடி சாய்வாக எழும்பி நின்றது!

"அம்மா! மூச்சு வந்துடுச்சி!"

கிறிஸ்மஸ் முடிந்து கலியன் வந்தார்.

"தொட்டி எங்க பாப்பா?"

"அது வேலையில கீதுண்ணா. இந்தாங்க, அது போட்ட டீ."

கலியன் டம்ளரை உற்றுப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு மடக்கென்று குடித்தார். வண்டியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றார்.

"தோலை எதுல போடணும் பாப்பா?"