நாலு லிட்டர் அதிகம்

காலை 9.05. முதலாளியின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் பத்தே வினாடி உறுமியது. கராஜ் முழுக்க நீலப் புகை. உள்ளே ஏதோ மடாரென்று அடித்தது. அதோடு எஞ்சின் நின்றது.

9.07. முதலாளி ஷட்டரை இறக்கிப் பூட்டினார். மெக்கானிக் உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

11.30. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. யாரிடமும் குழைந்து பேசிப் பழக்கமில்லாதவர். உள்ளே வந்ததும் ஷட்டர் மறுபடி இறங்கியது.

"இவன்தான் மேடம்," என்றார் முதலாளி. "லீவு கேட்டான், தரலை. அந்த வயித்தெரிச்சல்ல நேத்து நாலு லிட்டர் ஆயில் கூடுதலா ஊத்திட்டான். இனி போலீஸ் பாத்துக்கும்."

மெக்கானிக் ஒரு காலி டின்மேல் உட்கார்ந்திருந்தான். இந்த ஒரே காருக்காகப் பதினாலு மாதம் முன்பு ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வரவழைக்கப்பட்டவன். மகள் பிறந்து பதினொரு மாதம் ஆகிறது, போனில்தான் பார்த்திருக்கிறான். லீவு இல்லையென்றாலும் நாளை மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான். பாஸ்போர்ட் மட்டும் முதலாளியின் மேஜை டிராயரில் இருந்தது. போலீஸ் கேஸ் என்று வந்துவிட்டால் விமானமும் இல்லை, மகளும் இல்லை.

சர்வேயர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆயில் குளம். டார்ச் ஒளி கீழே இறங்கி, சைலன்சர்மேல் சிந்தியிருந்த ஆயிலில் நின்றது. விரலால் தொட்டார். தேன் நிறம், வாசனைகூட மாறவில்லை.

"நேத்து எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சுது?"

"ஆறரைக்கு மேடம்," என்றான் மெக்கானிக். "இருபது நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். எஞ்சின் சூடா ஓடிட்டிருக்கும்போதே அளவு பாத்து சரியா வெச்சேன். புகையே இல்லை."

"அப்புறம்?"

"மாடி ரூமுக்குப் போயிட்டேன். ஏழு மணிக்கு சார் வெளியில பூட்டிருவாரு. காலையில ஒம்போதுக்குத்தான் திறப்பாரு."

சர்வேயர் திரும்பினார். "நிஜமா?"

"பொறுப்பில்லாத ஆளுங்க மேடம்," என்றார் முதலாளி, பெருமையாகவே. "மாடி, கராஜ் ரெண்டு சாவியும் என் இடுப்பைவிட்டு இறங்காது. நான் திறக்காம ஈ எறும்புகூட வெளிய வராது."

சர்வேயர் ஓரமாக நின்ற முதலாளியின் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க எப்ப வந்தீங்க?"

"எட்டே முக்காலுக்கு. மாமா கராஜைத் திறந்து வெச்சிருந்தார். கையெல்லாம் துடைச்சிட்டிருந்தார்."

சொல்லிமுடித்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

சர்வேயர் முதலாளியிடம் திரும்பினார். "சார், உங்க மத்த காருங்களுக்கு ஆயில் எப்ப பாப்பீங்க?"

"காலையில. எஞ்சின் ஆறியிருக்கும்போது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"இந்தக் காருக்கு அது ஆகாது. இதுல ஆயிலுக்குத் தனி டேங்க். ராத்திரி நின்னா ஆயில் கசிஞ்சு எஞ்சின் அடிக்கு இறங்கிடும். காலையில அளவுக் குச்சியை எடுத்தா காஞ்சு கிடக்கும். நீங்க பாத்தீங்க. இவன் சரியா ஊத்தலைன்னு நினைச்சு நாலு லிட்டர் ஊத்தினீங்க. ஸ்டார்ட் பண்ணதும் அத்தனையும் டேங்குக்குத் திரும்பி, நிரம்பி வழிஞ்சு, காத்துப் பாதையில எஞ்சினுக்குள்ள போய் அடைச்சிருச்சு."

"நான் ஊத்தலை."

"சைலன்சர்ல சிந்தின ஆயில் கருகலை. அது நல்லா ஆறினப்புறம் ஊத்தினது. ஆறரைக்கு நிறுத்தின வண்டி ஏழு மணிக்குத் தொட முடியாத சூட்டுல இருக்கும். ஆறினப்ப இவன் பூட்டுக்குள்ள. சாவி ரெண்டும் உங்க இடுப்புல."

"அவன் எப்படியாவது இறங்கி வந்திருப்பான்."

"ஈ எறும்புகூட வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ரிப்போர்ட்ல அதை அப்படியே எழுதறேன். ஒரு ஆளை ராத்திரி முழுக்க ஏன் பூட்டி வெச்சீங்கன்னும் போலீஸ் கேக்கும். கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் மேடம்," என்றார் முதலாளி.

"இவன் பாஸ்போர்ட்டும் உங்ககிட்டதானே இருக்கும்? கொடுங்க," என்றார் சர்வேயர். மாப்பிள்ளை ஓடிப்போய் எடுத்து வந்தார்.

12.40. ஷட்டர் ஏறியது.

"அப்ப எஞ்சினை யாருடா பிரிப்பா?" என்று முதலாளி பின்னாலிருந்து கேட்டார். மெக்கானிக் மாடிக்குப் போய்ப் பையோடு இறங்கி வந்து, கேட்டைத் தாண்டினான். நடைபாதையில் நின்றான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். நின்றுகொண்டே இருந்தான்.

காரில் ஏறப்போன சர்வேயர் கேட்டார். "என்ன தம்பி, போகலையா?"

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு தெரியலை மேடம். வந்ததுலேர்ந்து நான் இந்தத் தெருவுல நடந்ததே இல்லை."