தறிக்குழி ஈரம்

ஜலகண்டாபுரத்தில் கந்தவேலுக்கு இரண்டாம் தாரமாக வந்த தெய்வநாயகியை வாசலில் வரவேற்றது ஒரு வாசம். பழுத்த மாம்பழத்தோடு மல்லிகையைக் கசக்கியது போல. சீர்க்கூடை எதிலாவது இருக்கும் என்று நினைத்தாள். கூடைகள் காலியான பிறகும் இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லாயிதான் விளக்கம் சொன்னாள். "அது மூத்தவ சௌந்திரம் போட்ட செண்டு, கண்ணு. தகரப் பொட்டியத் தூக்கிட்டு வருவானே செண்டுக்காரன், அவங்கிட்ட வாங்குனது. தெனமும் ஒரு சொட்டு. கடைசீல அவங்கூடவே ஓடிட்டா."

ஊர் இதை ஒப்புக்கொண்டிருந்தது. ஊருக்குச் சாட்சி தேவையில்லை, வாசம் போதும்.

கந்தவேலுடையது குழித்தறி. விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். குழி ஈரமாக இருந்தால்தான் நூல் அறாது என்று காலையில் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றுவான். ஊற்றியதும் வாசம் எழும்.

உடனே வந்து தெய்வநாயகியின் கழுத்தை முகர்வான்.

"செண்டு போட்டிருக்கறயா?"

"இல்லீங்க."

அறை விழும். அரப்புப் பொடியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் தலை புண்ணானது. வாசம் போகவில்லை.

"அவளும் இப்பிடித்தான் இல்லீங்கன்னா," என்றான் ஒருநாள், ஊடைநூல் ஓட்டும் நாடாவைத் துடைத்துக்கொண்டே. "இன்னொருக்கா மணந்துதுன்னா, கேக்கவே மாட்டேன் புள்ள."

சொல்லிவிட்டு நூல் வாங்கச் சேலம் போனான்.

அன்று மத்தியானம் தகரப்பெட்டியோடு செண்டுக்காரன் வந்தான். தனியாக.

"ஏனுங்க, சௌந்திரத்தம்மணி ஊட்ல இல்லீங்களா? ரொம்ப நாளா ஆளையே காணமே. பாட்டில் தீர்ந்திருக்குமே!"

தெய்வநாயகி மெதுவாகத் திரும்பித் தறியைப் பார்த்தாள்.

அவன் போனதும் குழிக்குள் இறங்கி மண்ணைக் கையால் பறித்தாள். ஆழமாகப் பறிக்க வேண்டியிருக்கவில்லை. கந்தவேல் வேலையை விட்டு வெகுதூரம் போகிற ஆள் இல்லை.

முதலில் பாட்டில் வந்தது.

பிறகு, அதைப் பிடித்திருந்த விரல்கள்.

அவை நகர்ந்து அவள் மணிக்கட்டைச் சுற்றின. சில்லென்று, வளையலுக்கு அளவு பார்ப்பது போல.

"உட்ருங்க அக்கா," என்று கிசுகிசுத்தாள். "அவரு வந்துருவாரு."

விட்டன.

மண்ணை மூடினாள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவில் ஒரு பிடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாயங்காலம் கந்தவேல் வாசலிலேயே மூச்சை இழுத்து முகர்ந்தான். இந்த முறை கேட்கவில்லை. கதவுக்குத் தாழ் போட்டான்.

"பாவு அறுந்து கெடக்குதுங்க," என்றாள் அவள்.

நெசவாளிக்குப் பாவு அறுந்ததென்றால் கொலையும் கொஞ்சம் காத்திருக்கும். உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டான். இழைகளை முடிந்தான். மிதித்துப் பார்த்தான்.

மிதிகட்டை மேலே வரவில்லை.

காலும் வரவில்லை.

"நாயகி... கையக் குடு."

அவள் குனிந்து அவன் கழுத்தை முகர்ந்தாள்.

"செண்டு போட்டிருக்கீங்களா?"

"இல்ல புள்ள... இல்ல..."

ராட்டையின் முன் உட்கார்ந்து ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்ற ஆரம்பித்தாள். ராட்டைக்கு நல்ல சத்தம். தெருவில் வேறெதுவும் கேட்கவில்லை.

"மூத்தவளைத் தேடிப் போயிட்டாருங்க," என்று செல்லாயியிடம் சொன்னாள். ஊர் இதையும் ஒப்புக்கொண்டது.

தறியில் பாதியில் நின்ற சேலையை அவளே நெய்து முடித்தாள். கால் வலிக்கவேயில்லை, மிதிகட்டைக்குக் கீழே ஒத்தாசை இருந்தது.

அந்தச் சேலையைச் சேலத்தில் ஒருத்தி ஆசையாகக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் கிட்டே வந்து முகர்ந்தான்.

"எவன் குடுத்த செண்டுடீ?" என்று கையை ஓங்கினான்.

அவன் காலடியில் தரை ஈரமாகிக்கொண்டிருந்தது.