கொப்பு நட்ட இடம்

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்மாய்க் கரையில் வண்டிகளை ஏற்றி நிறுத்தியபோது காலை ஒன்பது மணி இருக்கும். எண்பத்திரண்டாம் வருஷம், புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான், சுருளி, உக்கிரபாண்டி. மூன்று வண்டியுமே அவனியாபுரத்தில் என் பட்டறையில் நான் உயிர் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிள்கள். வருஷாவருஷம் தண்ணீர் வற்றியதும் கண்மாய்க்குள் இறங்கி, கருவேலங்காட்டு வண்டித் தடங்களில் நாள் முழுக்க ஓட்டுவோம். காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. கொழுப்பு, அவ்வளவுதான்.

அந்த வாரம் போயிருக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு மழை பெய்திருந்தது. சுருளியின் பொண்டாட்டி ஜெயக்கொடி வாசலிலேயே மறித்தாள். இன்னொரு மழை பெய்தால் இனி அடுத்த வருஷம்தான், இன்றைக்கு ஒருநாள் விடு தங்கச்சி என்று பல்லைக் காட்டி அவனைக் கூட்டிவந்தவன் நான்தான்.

கண்மாய் நடுவில் வயலுக்கு வண்டல் அள்ளிய பெரிய குழி ஒன்று இருந்தது. மழையில் சேறு நிரம்பி, மேலே வெயில் பட்டு ஏடு கட்டியிருந்தது. சுற்றிலும் உள்ள தரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. போன வாரம் ஒரு மாடு அதில் அமிழ்ந்துபோனதாம். எங்கள் பக்கத்தில் மாடு அமிழ்ந்த இடத்தின் ஓரத்தில் ஒரு காய்ந்த மரக்கொப்பை நட்டு, கிழிந்த வேட்டித் துணியை அதில் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எவனும் விலகிப்போவான். அங்கேயும் நட்டிருந்தார்கள். சுருளி காலை முழுக்க அந்தக் கொப்பை அடையாளமாக வைத்து வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கோழி சமைத்தோம். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். உக்கிரபாண்டி தண்ணீருக்குப் போயிருந்தான். சுருளி மர நிழலில் கண்ணயர்ந்திருந்தான். நான் போய் அந்தக் கொப்பைப் பிடுங்கி வந்து, ஒடித்து அடுப்பில் வைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தெரிந்துதான் பிடுங்கினேன். சாப்பிட்டதும் வேறு கொப்பு நட்டுவிடலாம் என்று நினைத்தேன். கறி நன்றாக வெந்தது. தின்றேன். மறந்துபோனேன்.

“மாப்ள, கடைசியா ஒரு சுத்து” என்று சுருளி வண்டியை உதைத்தான்.

நேராகப் போனான்.

சத்தம் சட்டென்று நின்றது.

நாங்கள் ஓடிப் பார்த்தபோது நெஞ்சுவரை சேற்றில் இருந்தான். காலுக்கு மேல் வண்டி. வேட்டிகளை முடிந்து வீசினோம். பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். கடைசியில் அவன் என்னைப் பார்க்கவில்லை. கொப்பு இருந்த இடத்தைப் பார்த்தான்.

எழவு வீட்டில் ஜெயக்கொடி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கொப்பு நட்டிருந்தாகளாமே அண்ணே. இவரு பாக்கலையா?”

“பாத்துட்டுத்தான் போனான். நான் கத்துனேன், கேக்கல” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்படியென்றால் என்னை நினைக்கவே இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதன்பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. சண்டாளன் நான், அப்போதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அது ஆரம்பித்தது. பட்டறையில் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கிரீஸ் வாடையை அமுக்கிக்கொண்டு சேற்று வாடை வந்தது. மூலையில் இன்ஜினைக் கழற்றி வைத்த ஒரு வண்டி. அதன் பக்கமிருந்து உதைக்கும் சத்தம். ஒரு உதை. நிறுத்தி, இன்னொரு உதை. இன்ஜினே இல்லாத வண்டியை எவன் உதைப்பான்?

தினமும் உச்சிப் பொழுதுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

நாற்பதாம் நாள், சாக்கை விரித்து ஒரு வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணுக்காலை ஒரு கை பிடித்தது.

ஈரக் கை. இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

“மாப்ள, கொப்பு எங்க?”

எழுந்து பார்த்தேன். யாருமில்லை. காலில் ஐந்து விரலும் சேறாகப் பதிந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்படியே வில்லாபுரத்தில் சுருளி வீட்டுக்கு ஓடினேன். ஜெயக்கொடி தனியாகத்தான் இருந்தாள். கதவைத் தட்டியதும் யார் யார் என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் திறந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பை எரித்தது, கத்தினேன் என்று புளுகியது, எல்லாம். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

“தெனமும் இந்நேரத்துக்கு வந்து கதவத் தட்டுறாரு அண்ணே. என்னைய நெனைக்காமப் போன ஆளுதானேன்னு நான் தெறக்கல. இம்புட்டு நாளும் வெளியவே நிக்க வச்சுட்டேன்.”

போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் வெயில் மட்டும்தான்.

“உள்ள வாங்க” என்றாள்.

சிமெண்டுத் தரையில் ஒரு சேற்றுக் காலடி விழுந்தது.

அடுத்தது.

என் முன்னால் வந்தது. நிற்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போனது.

“நீங்க கெளம்புங்க” என்றாள் ஜெயக்கொடி. அண்ணே என்று சொல்லவில்லை.

ஆறு வருஷமாகிறது. பட்டறைக்கு அவன் வருவதே இல்லை. வைவதற்காவது வருவான் என்று மத்தியானச் சோறு திங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மனசு கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசலில் போய் நிற்பேன். உள்ளே சுருளி சிரிப்பது கேட்கும். அதே சிரிப்பு. நான் கதவில் கை வைத்தால் நின்றுவிடும்.

போன வாரம் தாங்க முடியவில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்போடவில்லை. லேசாகத் தட்டினேன்.

“மாப்ள, நான்தான்டா.”

உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஜெயக்கொடிதான் போடுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் தெருக்குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.